உச்சிக்கிளைக் காவல்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், ஆற்றங்கரை அத்திமரங்களின் மேலே குரங்குகளும் கீழே புள்ளிமான்களும் ஒரே வீட்டுக்காரர்கள்போல வாழ்ந்துவந்தன.

குரங்குகள் எப்படிச் சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரியுமே! தின்பது பாதி, சிந்துவது பாதி. சிந்திய பழமும் தளிரும் மான்களுக்குப் போகும். பதிலுக்கு மான்கள் மோப்பம் பிடித்து ஆபத்தைச் சொல்லும். காற்று எதிர்ப்பக்கம் வீசினால் மட்டும் மோப்பம் உதவாது. அதனால் குரங்குகளில் ஒன்று எப்போதும் உச்சிக்கிளையில் காவல் இருக்கும். அது "கர்க்! கர்க்!" என்று குரல் கொடுத்ததும் மான்கள் வெட்டவெளிக்குப் பாயும், தரையில் இருக்கும் குரங்குகள் மரமேறிவிடும்.

குரங்குகளின் தலைவன் பெயர் கடுவன். கெட்டவன் அல்ல. யாருடைய பங்கையும் பிடுங்கித் தின்னமாட்டான், சண்டை வந்தால் முன்னால் நிற்பான். ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவரை அதட்டுவது என்றால் அவனுக்கு அத்திப்பழத்தைவிடப் பிடிக்கும்.

ஒரு நாள் காலை, கூர்விழி என்ற பெண் குரங்கு காவலில் இருந்தாள். கூட்டத்திலேயே கண் கூர்மையானவள் அவள்தான். ஆற்றோரப் புதரில் ஏதோ அசைவதைப் பார்த்ததும் "கர்க்! கர்க்!" என்று கத்தினாள்.

மான்கள் பறந்தன. குரங்குகள் கையில் இருந்த பழத்தைப் போட்டுவிட்டு மரத்துக்குத் தாவின. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

புதரிலிருந்து ஒரு முயல் எட்டிப் பார்த்தது. இத்தனை பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வெட்கப்பட்டதுபோல மறுபடியும் உள்ளே போய்விட்டது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடுவன் மட்டும் சிரிக்கவில்லை.

"இறங்கி வா!" என்றான். கூர்விழி இறங்கி வந்தாள்.

"முயலைப் பார்த்து அலறவா உன்னை உச்சியில உட்கார வச்சேன்? எத்தனை பழம் வீணாப் போச்சு பாரு! இன்னைக்கு உனக்குப் பழம் கிடையாது. இனிமே நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் குரல் கொடு. புரிஞ்சுதா?"

"சரிங்க தலைவரே," என்றாள் கூர்விழி. அவள் முகம் சுருங்கிவிட்டது. அன்று முதல் குட்டிக் குரங்குகள்கூட அவளை 'முயலு' என்றே கூப்பிட்டன.

மான் கூட்டத்தை நடத்திச் செல்பவள் பொட்டழகி. அவள் மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தாள்.

"அண்ணே, எதுக்கு அவளைத் திட்டுறீங்க? சும்மா ஓடினதுல எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. ஓடாம நின்னாத்தான் கஷ்டம்."

"உனக்குத் தெரியாது தங்கச்சி," என்றான் கடுவன். "வேலைன்னு வந்துட்டா கண்டிப்பு வேணும். விட்டா ஆளாளுக்கு இலை ஆடினாலும் கத்துவாங்க."

பொட்டழகிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அது குரங்குகளின் வேலை, தான் எப்படித் தலையிடுவது என்று பேசாமல் போய்விட்டாள்.

சில நாட்கள் கழித்து, இன்னொரு குரங்கு காய்ந்த கட்டையைப் பார்த்துக் குரல் கொடுத்தது. அதற்கும் அதே அதட்டல், அதே பட்டினி. அதன்பிறகு உச்சிக்கிளையிலிருந்து சத்தமே வரவில்லை. காலையில் வரவில்லை, மாலையில் வரவில்லை. பழம் ஒன்றுகூட வீணாகவில்லை.

கடுவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? நான் அதட்டின அதட்டல்ல காட்டுல ஆபத்தே இல்லாமப் போச்சு!" என்று பொட்டழகியிடம் சொன்னான்.

காட்டில் ஆபத்து எப்போதும்போல இருக்கத்தான் செய்தது. அதைப் பற்றிய சேதிதான் அவன் காதுக்கு வரவில்லை.

அந்த மாதம் பொட்டழகி ஒரு குட்டி போட்டிருந்தாள். கால் நடுங்க நடுங்க நிற்கிற பிஞ்சுக் குட்டி. அதைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு, உச்சிக்கிளையை ஒரு முறை பார்த்தாள். காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அன்றும் கூர்விழியின் முறைதான். காற்று மான்களிடமிருந்து எதிர்ப்பக்கம் வீசிக்கொண்டிருந்ததால் அவற்றின் மோப்பம் உதவாது. புல்லெல்லாம் ஒரு பக்கமாகச் சாய, ஓரிடத்தில் மட்டும் அது எதிர்ப்பக்கமாக அசைந்தது.

கூர்விழிக்குக் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. கீழே பார்த்தாள். கடுவன் பழம் தின்றுகொண்டிருந்தான்.

'முயலாக இருந்துவிட்டால்?' என்று நினைத்தாள். வந்த குரலை விழுங்கிக்கொண்டாள். ஒரு காதாவது தெரியட்டும், ஒரு வாலாவது தெரியட்டும் என்று காத்திருந்தாள்.

காது தெரிந்தது. அது முயலின் காது அல்ல.

"கர்க்! கர்க்!" என்று அவள் கத்துவதற்குள் சிறுத்தை பாய்ந்துவிட்டது. பெரிய மான்கள் தப்பின. குட்டியால் எழுந்து ஓட முடியவில்லை. சிறுத்தை அதைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

பொட்டழகி ஓடி வந்தாள். குட்டி படுத்திருந்த இடத்தில் புல் இன்னும் நசுங்கியே கிடந்தது. அந்த இடத்தை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடுவன் மரத்தில் தாவி ஏறினான். "உனக்குக் கண் இல்லையா? புல்லு அசைஞ்சது தெரியலையா?" என்று கத்தினான்.

"தெரிஞ்சுது தலைவரே," என்றாள் கூர்விழி. அவள் அழுதுகொண்டிருந்தாள். "முன்னாடியே தெரிஞ்சுது. ஆனா நிச்சயமாத் தெரியல."

அந்த வார்த்தை யாருடைய வார்த்தை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பொட்டழகி யாரையும் திட்டவில்லை. "நாங்க போறோம் அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காவலுக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. "நான் போறேன்" என்று கடுவனே உச்சிக்கிளையில் ஏறி உட்கார்ந்தான். மேலே இருந்து பார்த்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. எங்கு பார்த்தாலும் அசைவு! எது சிறுத்தை, எது முயல், எது வெறும் காற்று என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே "கர்க்!" என்று கத்திவிட்டான். வெளியே வந்தது ஒரு காட்டுக்கோழி.

யாரும் சிரிக்கவில்லை. கடுவன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கடுவன் உச்சிக்கிளைக்கு ஏறுவான். காவலில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு எது சந்தேகமா இருக்கு?" என்று கேட்பான். குரல் கொடுத்து முயல் வந்தால், "நல்லாப் பாத்திருக்கே. இப்படித்தான் பாக்கணும்," என்று தன் பங்கில் ஒரு பழம் கொடுப்பான். முதலில் ஒன்றிரண்டு முறை பழைய அதட்டல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். நாளாக நாளாக அது வருவதும் நின்றுபோனது. 'முயலு' என்று கூப்பிடுவதையும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். கூர்விழி மறுபடியும் காவலுக்கு வந்தாள்.

மழைக்காலம் போய், அடுத்த கோடை வந்தது. ஒரு நாள் காலை பொட்டழகி தன் கூட்டத்தோடு ஆற்றைக் கடந்து வந்து அத்திமரத்தடியில் நின்றாள். அவள் வயிறு கனத்திருந்தது.

கடுவனால் நம்ப முடியவில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்தான்.

"தங்கச்சி, எங்களை நம்பியா திரும்பி வந்தே? நேத்துக்கூட முயலைப் பாத்துக் கத்தினோமே!"

"அக்கரை வரைக்கும் கேட்டுச்சு அண்ணே," என்றாள் பொட்டழகி. "அதைக் கேட்டுத்தான் வந்தேன்."

நீதி: வீணாய்ப் போன எச்சரிக்கையையும் நாள்தோறும் பொறுமையோடு கேட்டுப் பழகிய தலைவனுக்கே, உண்மையான எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரும்.