எழுபதுக்கு எழுபது வாங்கிய ஆந்தைக் காசு

வெள்ளரிக்குளம் வட்டாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வராமல் போனாலும் போவார், புதுமலர் பேண்டு செட் வராமல் இருக்காது. சொன்ன சொல் மாறாதவர்கள். ஒருமுறை பெண் வீட்டுக்காரர், "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் வாசிங்க" என்று சொல்லிவிட்டு, ஞாபகமறதியாக மறுவீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது பந்தலைப் பிரித்தாகிவிட்டது, வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களை மாடு தின்றாகிவிட்டது. இவர்கள் மட்டும் வெறுந்தரையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

செட்டுக்குத் தலைவர் கிளாரினெட் மிக்கேல் மாஸ்டர். டிரம்பெட் ஊதுகிறவர் பொன்னுலிங்கம். ஜால்ரா தட்டுகிறவன் கடற்கரை. பெரிய டிரம் அடிக்கிறவன் சவரிமுத்து. நம் கதை அவனைப் பற்றியது. நாலு பேரில் அவனுக்குத்தான் அறிவு அதிகம் என்று மற்ற மூவரும் ஒத்துக்கொண்டிருந்ததால் செட்டின் பணப்பை அவனிடம்தான் இருந்தது.

அந்த வருஷம் சவரிமுத்துவின் டிரம் கிழிந்துபோயிற்று. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுப் போட்டான். 'டம்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டது. மாதா கோவில் திருவிழாவுக்குள் புது டிரம் வாங்கியாக வேண்டும். சீசன் முழுக்க வாசித்துச் சேர்த்த பணத்தோடு நாலு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

டிரம் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடை தாயுமானவர் என்பவருடையது. பழைய காசு, புதுக் காசு வாங்கி விற்கிறவர். அவருடைய அக்கா மகன் கல்யாணத்தில் இவர்கள் வாசித்திருக்கிறார்கள். உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்தார்.

கண்ணாடி அலமாரியில் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, சீல் வைத்து, மேலே சீட்டு ஒட்டியிருந்தது. காசில் ஒரு ஆந்தை.

"இது எந்த ராஜா காலத்துதுங்க?" என்று கேட்டார் மாஸ்டர்.

"ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல. போன வருஷம் வெளிநாட்டுல அடிச்சது. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து மார்க் போடுறதுக்குன்னே கம்பெனி இருக்கு. ஒரு கீறல்கூட இல்லைன்னா முழு மார்க். இது எழுபதுக்கு எழுபது."

நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் வம்சத்தில் யாரும் எதிலும் முழு மார்க் வாங்கியதில்லை. கடற்கரை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வாங்கி வெச்சா விலை ஏறுங்களா?" என்றார் மாஸ்டர். ஏறினால் டிரம்மோடு சேர்த்துத் தங்க பட்டன் வைத்த சட்டையும் தைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஓர் ஆசை.

தாயுமானவர் நல்ல மனுஷர். ஒளிக்காமல் சொன்னார். "ஏறும், இறங்கவும் இறங்கும். இதுல இருக்கிற வெள்ளிக்கு இந்த விலை இல்லை, அந்த எழுபதுக்குத்தான் விலை. இப்ப எழுபது வாங்கின காசு கொஞ்சம்தான் இருக்கு. ஆனா அடிச்ச காசு மூட்டை மூட்டையாக் கிடக்குது. நாளைக்கு அவனவன் அனுப்பி எழுபது வாங்கிட்டான்னா விலை தடால்னு விழுந்துரும். அதனால யோசிச்சு வாங்குங்க."

"யோசிச்சு வாங்கச் சொல்றாரு. எல்லாரும் யோசிங்கப்பா" என்றார் மாஸ்டர்.

நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் கேட்டார். "பொன்னுலிங்கம், யோசிச்சாச்சா?"

"ஆச்சு மாஸ்டர்."

"என்ன யோசிச்சே?"

"மத்தியானம் பிரியாணியா, பரோட்டாவான்னு யோசிச்சேன்."

"பரவாயில்ல. யோசிச்சது யோசிச்சதுதான். சவரி, பணத்தை எடு."

சவரிமுத்து பணப்பையை இறுக்கிப் பிடித்தான். ஆனாலும் அவனும் யோசித்திருந்தபடியால் மறுக்க வழியில்லை. பணத்தை எடுத்துக் கொடுத்தான்.

தாயுமானவர் காசைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். "பெட்டியை நீங்க திறந்துடாதீங்க. அப்புறம், அவசரப்பட்டு விட்டுடாதீங்க. கொஞ்ச நாள் கையிலயே வெச்சிருங்க."

அன்றைக்கே கையில் வைத்திருக்கத் தொடங்கினார்கள். கிளாரினெட்டுக்கு இரண்டு கை வேண்டும். ஜால்ராவுக்கும் இரண்டு கை வேண்டும். டிரம்பெட்டை ஒரு கையால் பிடிக்கலாம், ஆனால் பொன்னுலிங்கத்துக்குக் கை வியர்க்கும். ஆகவே பொறுப்பு சவரிமுத்து தலையில் விழுந்தது. இடது கையில் ஆந்தைக் காசு, வலது கையில் டிரம் குச்சி. சாப்பாட்டுக்குத் தொந்தரவில்லை. குளிக்கும்போது மட்டும் இடது கையைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கையால் சோப்புப் போட்டான்.

அவன் மனைவி பிலோமினா இரண்டு நாள் பார்த்தாள். "ஏங்க, அந்த ஆந்தையைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு இந்தக் குடத்தைத் தூக்குங்களேன்."

"கீழ வைக்கிறதாவது! விலை கீழ போயிருச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவள் சொன்னது அவனுக்குத் தைத்தது. தூங்கும்போது விலை விழுந்துவிட்டால்? மாஸ்டரிடம் போய்க் கேட்டான். செட் கூடி ஆலோசித்தது.

"விழும்னுதான் தெளிவாச் சொன்னாரு. தடால்னு விழுமாம்" என்றார் பொன்னுலிங்கம்.

"அப்ப அடிபடாமப் பார்த்துக்கணும்" என்றார் மாஸ்டர்.

சவரிமுத்துவின் கட்டிலைச் சுற்றி வைக்கோலைப் பரப்பினார்கள். கடற்கரை கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் பிடித்தபடி படுத்துக்கொண்டான்.

"மாப்ள, விலை பார்க்க எப்படி இருக்கும்?" என்று கீழிருந்து கேட்டான்.

"நான் பார்த்ததில்லடா. ஆனா பெருசா இருக்கும். நம்ம பணம் அத்தனையும் உள்ள போயிருக்குல்ல" என்று மேலிருந்து பதில் வந்தது.

வாரம் ஓடியது, விலை கட்டிலிலிருந்து விழவில்லை. எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. மாஸ்டர் தாயுமானவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாரும் காது கொடுத்தார்கள்.

"ஐயா, நம்ம காசு விலை ஏறிடுச்சுங்களா?"

"எங்கங்க ஏறுது? இறங்கிருச்சு. பாதியில வந்து நிக்குது."

மாஸ்டர் போனை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "இறங்கிருச்சாம்ப்பா. பாதியில நிக்குதாம்."

"நம்மளத் தேடித்தான் மதுரையில இருந்து வந்திருக்கு. வழி தெரியாம இறங்கிருச்சு" என்றார் பொன்னுலிங்கம்.

மதுரைக்கும் வெள்ளரிக்குளத்துக்கும் பாதி தூரத்தில் இருப்பது நரியூர் விலக்கு. சவரிமுத்துவும் கடற்கரையும் உடனே அங்கே போனார்கள். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது.

"அண்ணே, காலையில மதுரை பஸ்ஸுல இருந்து ஏதாவது இறங்குச்சா?" என்று சவரிமுத்து கேட்டான்.

டீக்கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். "ரெண்டு டீச்சரம்மா இறங்கினாங்க. ஒரு ஆட்டுக்குட்டி இறங்குச்சு."

"ஆட்டுக்குட்டி என்ன விலைண்ணே?"

டீக்கடைக்காரர் விலையைச் சொன்னார். அது அவர்கள் காசு வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. "இது நம்ம விலை இல்ல மாப்ள" என்றான் கடற்கரை. இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

திருவிழா வந்தது. டிரம் இல்லை. ஒட்டுப் போட்ட இடமும் பிய்ந்துவிட்டது. தேர் கிளம்பியதும் சவரிமுத்து ஒன்று செய்தான். குச்சியை டிரம்மில் படாமல் வீசிவிட்டு வாயால் "டம்! டம்!" என்று கத்திக்கொண்டே நடந்தான். தேர் நிலைக்கு வந்தபோது அவன் தொண்டை கட்டிவிட்டது. கமிட்டித் தலைவர் பாதிச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார்.

"அடுத்த வருஷம் டிரம் இருந்தா வாங்க. இல்லாட்டி வேற செட்டுக்குச் சொல்லிடுவோம்" என்றார்.

அன்று சவரிமுத்து சாப்பிடவில்லை. பிலோமினா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். ஆந்தை அவன் இடது கையிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவனே முன்னால் நின்று எல்லாரையும் மதுரைக்கு அழைத்துப் போனான்.

"வித்துடலாம்னு வந்தோங்க" என்று கரகரத்தான்.

தாயுமானவர் தலையைச் சொறிந்தார். "இப்ப விக்காதீங்க. பயந்த மாதிரியே ஆயிருச்சு. மூட்டையில கிடந்ததையெல்லாம் அனுப்பி ஆளாளுக்கு எழுபது வாங்கிட்டாங்க. இப்ப எங்க பார்த்தாலும் எழுபதுதான். பாதியும் போய் அதுக்குக் கீழ வந்துருச்சு."

"பரீட்சையில காப்பி அடிச்சிருப்பாங்களோ?" என்று கடற்கரை கேட்டான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாஸ்டர் கேட்டார். "நிறைய ஆனதாலதான் விலை விழுந்துச்சுன்னு சொல்றீங்க?"

"ஆமா."

"அப்ப எண்ணிக்கை குறைஞ்சா ஏறும்?"

"குறைஞ்சா ஏறும்தான். யாரு குறைக்கப்போறா?"

மாஸ்டர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "நாங்க குறைக்கிறோம்."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் விவாதம். அடுத்தவன் காசை அழிப்பது பாவம் என்றார் பொன்னுலிங்கம். மேலும் அடுத்தவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் எழுபது மார்க் காசு எது இருக்கிறது என்று கேட்டார் மாஸ்டர். எல்லாரும் சவரிமுத்துவின் இடது கையைப் பார்த்தார்கள்.

"கிணத்துல போட்ரலாமா?" என்றான் கடற்கரை.

"கிணத்துக்குள்ள கிடந்தாலும் கணக்குல இருக்கும்டா. உருக்கணும்" என்றான் சவரிமுத்து. அறிவு அதிகம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே குருவையா ஆசாரி பட்டறைக்குப் போனார்கள். "ஆசாரி, இந்தப் பெட்டியை நாங்க திறக்கக்கூடாது. நீங்க திறங்க" என்றார் மாஸ்டர். ஆசாரி சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பெட்டி இரண்டாகப் பிளந்தது. ஆந்தை உருக்குகிற மூசைக் கிண்ணத்துக்குள் போனது, சிவந்தது, வெள்ளித் தண்ணீராயிற்று, ஆறியபோது கொட்டைப்பாக்கு மாதிரி ஓர் உருண்டையாகத் தட்டில் வந்து உட்கார்ந்தது. சவரிமுத்து பல நாளுக்குப் பிறகு இடது கையை மடக்கி விரித்துப் பார்த்தான். சுகமாக இருந்தது.

மாஸ்டர் உடனே போன் போட்டார். "ஐயா, ஒண்ணு குறைச்சாச்சு. விலை பாருங்க."

"என்னத்தக் குறைச்சீங்களோ தெரியல. வெள்ளி ஏறினதால இன்னைக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருக்கு" என்றார் தாயுமானவர்.

பட்டறையே அதிர்ந்தது. நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். "ஏறிருச்சு! ஏறிருச்சு! வித்துரலாம் மாஸ்டர்!"

"எதை?" என்றான் கடற்கரை.

குதிப்பது நின்றது. சவரிமுத்து தட்டைப் பார்த்தான். புது டிரம், அடுத்த வருஷத் திருவிழா, எல்லாம் அந்தக் கொட்டைப்பாக்குக்குள் போய் அடங்கிவிட்டது போலிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

அப்போதுதான் மாஸ்டருக்கு ஒன்று தோன்றியது. "ஆசாரி, இதே மாதிரி உருண்டை உலகத்துல மொத்தம் எத்தனை இருக்கும்?"

ஆசாரிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். "இதே மாதிரியா? இது ஒண்ணுதான்" என்றார்.

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். "கேட்டீங்களாப்பா? ஒண்ணே ஒண்ணு! ஆந்தைக் காசு ஊரெல்லாம் கிடக்கு. இது வேற யாருகிட்டயும் இல்ல."

சவரிமுத்துவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது. அவன் ஆசாரியைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "மாஸ்டர், இவரு நாளைக்கு இன்னொண்ணு உருக்கிட்டாருன்னா? விலை தடால்னு விழுந்துருமே."

எல்லாருக்கும் முகம் வெளுத்தது. தாயுமானவர் சொன்ன ஆபத்து இந்தா, கண்ணெதிரே அழுக்கு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. கூடிப் பேசி, திருவிழாச் சம்பளத்திலிருந்து ஆசாரிக்கு ஒரு தொகை கொடுப்பதாக முடிவு செய்தார்கள். அவர் இனி இந்த மாதிரி உருண்டை உருக்கக் கூடாது. ஆசாரி பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அடுப்பை அவித்துச் சத்தியம் செய்தார்.

விஷயம் தெருவில் பரவியது. எதிர்ப் பட்டறை ஆசாரி வந்து தானும் உருக்கப்போவதில்லை என்றார். அவருக்கும் கொடுத்தார்கள். அடுத்ததாகத் தையல்கடை ராயப்பன் வந்தார்.

"நீங்களும் உருக்கமாட்டீங்களா?" என்று கேட்டான் சவரிமுத்து.

"எனக்கு உருக்கவே தெரியாதுப்பா."

சவரிமுத்து நன்றாக யோசித்தான். தெரிந்தவன் மனசு மாறலாம். தெரியாதவன் மனசு மாறினாலும் என்ன செய்துவிட முடியும்? "மாஸ்டர், இவருக்குத்தான் கூடக் கொடுக்கணும்" என்றான். கூடவே கொடுத்தார்கள்.

சற்று நேரத்தில் வெள்ளி உருக்கத் தெரியாதவர்களின் வரிசை பட்டறை வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நீண்டுவிட்டது. சவரிமுத்து பணப்பையோடு ஒவ்வொருவராக விசாரித்துக் கொடுத்துக்கொண்டே போனான். வரிசையின் கடைசியில் கடற்கரை நின்றிருந்தான்.

"நீ எதுக்குடா இங்க நிக்கிற?"

"எனக்கும் தெரியாதுல்ல மாப்ள."

சவரிமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தான். அது உண்மைதான். அவன் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சப் பையை மாஸ்டர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்து, கடற்கரைக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டான்.