பலவேசம் தோட்டத்தில் முளைத்த தூண்

கொம்பங்குளத்துக்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மூளை இருந்தது. செலவாகிவிடுமே என்று யாரும் வெளியில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் பலவேசத்தின் கத்தரித் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் கிடந்த கொஞ்சத் தண்ணீருக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டால்தான் செடி பிழைக்கும். மானியம் வந்தால்தான் குழாய். தோட்டக்கலை அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். தங்க மோதிரம் போட்ட தடித்த விரலால் போனை இறுக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தார். மறுநாள் ஆபீசில் அதன் பிரதியைக் கொடுத்துச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை மறு ஆய்வு. இதுல என்னென்ன இருக்கோ அத்தனையும் தோட்டத்துல அப்படியே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மானியம் கிடையாது.”

பலவேசமும் பெண்டாட்டி இசக்கியும் மைத்துனன் சிவனணைஞ்சானும் படத்தைச் சுற்றிக் குந்தினார்கள்.

“கிணறு இருக்கு. செடி இருக்கு. கிணத்து மேட்டுல காக்கா. அத்தான் கொட்டாவி விடுதாரு. இந்தா, இது என்னது?” என்றான் சிவனணைஞ்சான்.

படத்தின் ஓரத்தில் பனையைவிடப் பெரிதாக ஒரு தூண். செம்மண் நிறம். நடுவில் மஞ்சளாக ஒரு பட்டை.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தோட்டத்தில் தூணைக் காணோம்.

“களவு போயிட்டு!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான் பலவேசம். “ஏல, நம்ம தோட்டத்துல தூண் இருந்ததே நமக்குத் தெரியாதே?”

“தெரிஞ்சிருந்தா காவல் போட்டிருப்போம்லா அத்தான்? தெரியாததாலதான தூக்கிட்டானுவ.”

மூன்று நாள் மண் குழைத்துத் தூண் எழுப்பினார்கள். நடுவில் இசக்கியின் மஞ்சள் சேலையைச் சுற்றினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் காக்கா வரவில்லை. அதனால் வெள்ளைக் கோழிக்கு அடுப்புக்கரி பூசிக் கிணற்று மேட்டில் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து பலவேசம் கொட்டாவி விட்ட வாயை மூடவில்லை. ஒரு ஈ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அதிகாரி வந்தார். தூணைப் பார்த்தார்.

“யாருய்யா விளைநிலத்துல கட்டடம் கட்டினது? கட்டடம் இருந்தா மானியம் கிடையாதுய்யா! நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தரைமட்டமாக்குங்க. புதுசா ஒரு படம் எடுத்துக்கலாம்.”

“ஆ” என்றான் பலவேசம். தாடை பிடித்துக்கொண்டிருந்தது.

இடித்தார்கள். இசக்கி சேலையை உதறி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், போனை இறுக்கிப் பிடித்தார், எடுத்தார்.

“சுத்தம். மானியம் பாஸ். நீயே பாரு.”

பலவேசம் போனைப் பார்த்தான். அப்போதுதான் மூடியிருந்த வாய் மறுபடி திறந்தது. அதே மூலை. அதே தூண்.

“இப்பத்தானல இடிச்சோம்?”

“அடியில வேர் இருந்திருக்கும் அத்தான்.”

“மஞ்சச் சேலையோட நிக்கே!”

“எஞ்சேலை எங்கையிலல்லா இருக்கு?” என்றாள் இசக்கி.

மூன்று பேரும் தலையோடு தலை முட்ட யோசித்தார்கள். பிறகு பலவேசம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பவ்யமாக அதிகாரி முன்னால் போய் நின்றான்.

“சார், கத்தரிக்குக் குடுத்ததுக்கு ரொம்பச் சந்தோசம். விதைக்காம, தண்ணி விடாம, நீங்க வந்து நின்னாலே முளைக்கே ஒரு பயிரு, அதுக்கு மானியம் எவ்வளவு சார்?”

இசக்கி அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அதை விடுங்க சார். அடுத்த தடவை வரும்போது சேலை நீலத்துல காய்க்குமா?”