கருநாணல் ஏரியின் ஒரே பதில்

கருநாணல் ஏரிக்கரையில் முயல், மான், ஆமை, கீரி, நீர்க்கோழி என்று ஐந்து குடும்பங்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியார் எதைக் கேட்டாலும் தனியாகப் பதில் சொல்லக் கூடாது. ஐவரும் தண்ணீரில் கால் வைத்து நின்றுதான் சொல்ல வேண்டும். பேசிப் பேசியே பொழுது போய்விடும். காடே இதைச் சொல்லிச் சிரிக்கும்.

அந்த வருஷம் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. நிலவேம்பு முழுக்க வடக்கு மலை யானையிடம் இருந்தது. ஏரிக்காரர்கள் போய்க் கெஞ்சினார்கள். முதலில் என் கூட்டம், மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று யானை திருப்பி அனுப்பியது. தெற்குப் புலியோ குகை வாசலையே அடைத்துக்கொண்டது. நல்ல பெரிய மனுஷங்க, போங்க!

காய்ச்சல் தணிந்ததும் இரண்டுக்கும் ஏரி மேல் திடீர்ப் பாசம். வெயிலில் மற்ற குளமெல்லாம் வற்றிப்போயிருந்தது, வேறென்ன? ஏரியைப் பிடித்தவர்தான் இனி காட்டுக்கு ராஜா. புலி மானைக் கூப்பிட்டு, யானையை உள்ளே விடாதே, உன் இனத்தைத் தொடமாட்டேன் என்றது. தனியாகச் சொல்ல மாட்டேன் என்று மான் திரும்பி வந்துவிட்டது.

யானை தாய் முயலைக் கூப்பிட்டது. முயலின் கடைசிக் குட்டிக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. அது யானைக்குத் தெரியும்.

"புலிக்கு இங்கே இடமில்லை என்று நீ ஒருத்தி சொல். இப்போதே ஒரு கட்டு நிலவேம்பு தருகிறேன்."

தாய் முயலுக்கு வாங்கிக்கொள்ளத்தான் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் இன்று தான் யானைக்குச் சொன்னால், நாளை மான் புலிக்குச் சொல்லும். பிறகு இரண்டும் சண்டை போடும், கரையில் மிதிபடுவது குட்டிகள்தான். முயல் அழுதுகொண்டே ஓடிவந்து எல்லாவற்றையும் மற்றவர்களிடம் சொன்னது.

அன்றைக்கு நீளப் பேச்சு இல்லை. ஐவரும் தண்ணீரில் கால் வைத்தார்கள். யானையையும் புலியையும் வரச் சொல்லி, ஆமை பேசியது.

"நீங்கள் வராத காலத்தில் ஏரி சுருங்கிவிட்டது. சுற்றிலும் சேறு. கெட்டித் தரை எங்கே என்று எங்களுக்குத்தான் தெரியும். இருவருக்கும் வழி காட்டுகிறோம். நிலவேம்பு எல்லோருக்கும் வர வேண்டும், கரையில் வேட்டை கூடாது. சண்டையோடு வருகிறவருக்கு வழி கிடையாது."

யானை ஏளனமாகக் காலை எடுத்து வைத்தது. முழங்கால் வரை புதைந்தது. அதைப் பார்த்துச் சிரித்த புலிக்கும் முன்னங்கால்கள் இறங்கின. இரண்டும் திணறித்தான் வெளியே வந்தன. தொண்டை வறண்ட யானை முயலைப் பார்த்து, "உன் குட்டியை நினைத்துப் பார்" என்றது.

"நினைத்துத்தான் இங்கே நிற்கிறேன். காய்ச்சலில் எங்களைக் கைவிட்ட உனக்காக என் கரையைப் பிரிக்க மாட்டேன்!" என்றது முயல். தண்ணீரிலிருந்து காலை எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நிலவேம்பு வந்தது. கரையில் வேட்டையாட மாட்டேன் என்று புலியும் ஒப்புக்கொண்டது. முயல் குட்டி மருந்தை விழுங்கிய பிறகுதான் ஆமை சேற்றில் முன்னால் நடந்தது. அதன் பின்னால் யானையும் புலியும், ஆமை வைத்த இடத்திலேயே கால் வைத்து, அதன் வேகத்திலேயே போயின.

பெரியவர்கள் தனித்தனியாக விலைபேச வரும்போது சேர்ந்து நின்று ஒரே பதில் சொல்கிற சிறியவர்கள் எவருக்கும் பணிய வேண்டியதில்லை.