வண்டி வரும் சத்தம்

“பழைய இன்ஜினையே திரும்ப மாட்டிக் குடும்மா.”

அமலோற்பவம் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாள். எண்ணெய் படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையவில்லை.

“நான்தாம்மா, சௌந்தரபாண்டியன். வெள்ளைக் கார்.”

“தெரியும் சார். சத்தத்துலயே தெரிஞ்சுது.”

அவருக்குச் சுருக்கென்றது.

வத்தலக்குண்டு பைபாஸில், டயர் கடைக்கு அடுத்து இருந்தது அவளுடைய பட்டறை. பன்னிரண்டு வருஷம் பஸ் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் தனியாக வந்தவள். சின்ன பெட்ரோல் கார்களுக்கு டீசல் இன்ஜின் மாற்றுவதில் அவளை விட்டால் ஆள் கிடையாது என்பார்கள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வண்டி வரும். வண்டி மட்டும் இல்லை, கேள்வியோடும் ஆட்கள் வருவார்கள். அவள் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டாள். எதையாவது கழற்றிக் கையில் கொடுப்பாள். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தால் கேட்டவருக்கே விளங்கிவிடும்.

சௌந்தரபாண்டியன் ஓய்வுபெற்ற சர்வேயர். அறுபத்தெட்டு வயது. அவளைவிட இருபத்தைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அவள் முன்னால் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் இன்ஜின் மாற்றியிருந்தார்கள். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து டீசல் இன்ஜினை எடுத்தாள். அது உட்கார இடம் போதவில்லை. தாங்குகிற கட்டைகளை வெட்டிப் புதிதாக வெல்டு வைத்தாள். கனம் தாங்காமல் முன்பக்கம் படுத்தது, ஸ்பிரிங்கை மாற்றினாள். ரேடியேட்டரைத் தள்ளி வைத்தாள். டேங்கைக் கழுவிக் காயவைத்தாள். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருந்ததை முறைப்படி டீசல் என்று மாற்றி வாங்கினாள்.

வேலை நடந்த பதினோரு நாளும் அவர் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

கடைசி நாள் சாவியைக் கொடுக்கும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“சத்தம் மாறும் சார்.”

“சத்தம்தானேம்மா” என்று சிரித்தார் அவர்.

இப்போது அவள் ஜீப்புக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

“வண்டி இழுக்கலையா?”

“நல்லா இழுக்குது.”

“சூடாகுதா?”

“இல்லம்மா.”

“பிறகு?”

அவர் பட்டறை வாசலைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி என்னை உள்ள விடமாட்டேங்குறா.”

அவரே சொன்னார்.

ரஞ்சிதத்துக்கு மறதி வந்து நான்கு வருஷம் ஆகிறது. முதலில் சாமான்களின் பெயர் போனது. பிறகு தெருவின் பெயர். மகன் துபாயிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்திருந்தபோது, “தம்பி சாப்பிட்டாச்சா? எந்த ஊரு?” என்று கேட்டாள். அவன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

போன வைகாசியில் ஒரு காலையில் இவரையும் தெரியாமல் போயிற்று. காபி டம்ளரோடு நின்றவரைப் பார்த்து, “அவுக இல்லாத நேரத்துல நீங்க யாரு வீட்டுக்குள்ள?” என்று கத்தினாள்.

என்ன சொல்லியும் கேட்கவில்லை. கல்யாணப் படத்தைக் காட்டினார். அதில் இருந்த வாலிபனை அவளுக்குத் தெரிந்தது. எதிரில் நின்ற கிழவரைத் தெரியவில்லை.

மனசு தாங்காமல் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சந்தைப்பேட்டையைச் சுற்றிவிட்டு, போக வேறு இடம் இல்லாமல் திரும்பி வந்தார்.

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வாசல் கம்பிக்கதவு திறந்திருந்தது. ரஞ்சிதம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

“வந்துட்டீகளா? யாரோ ஒரு ஆளு வந்து கலாட்டா பண்ணிட்டுப் போறான்.”

முகம் போயிருந்தது. குரல் போயிருந்தது. வண்டிச் சத்தம் மட்டும் அவளுக்குள் நின்றிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் வழி. அவள் எப்போது “நீங்க யாரு?” என்று கேட்டாலும் அவர் பேச மாட்டார். பக்கத்து வீட்டு நூர்ஜஹானைக் கூப்பிட்டுத் துணைக்கு வைத்துவிட்டுச் சாவியை எடுப்பார். ஒரு சுற்று. திரும்பி வருவார். “வந்துட்டீகளா?”

முதலில் நாளைக்கு ஒரு தடவை. பிறகு மூன்று. ஆவணி பிறந்தபோது எட்டு, ஒன்பது தடவை ஆகிவிட்டது. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை.

“அதனாலதாம்மா டீசல் போட்டேன். இன்னும் நாலு தடவை கூட வீட்டுக்கு வரலாமேன்னு.”

அமலோற்பவம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“ஓட்டம் அதிகம்னு மட்டும் சொன்னீங்க.”

“ஆமா.”

“இன்ஜின் மாத்திட்டுப் போன அன்னிக்கு?”

“வாசல் வரைக்கும் வந்தா. கதவைத் திறக்கல. ‘அவுக வீட்ல இல்ல, அப்புறம் வாங்க’ன்னா. இருபது நாளாச்சு. எத்தன சுத்து சுத்திட்டேன். ஒரு தடவைகூட…”



“ராத்திரி?”

“நூர்ஜஹான் கதவைத் திறந்து விடும். நான் வாசல் ரூம்ல படுத்துக்கிறேன். வாடகைக்கு இருக்கிறவர்னு சொல்லி வச்சிருக்கு.”

டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் ஓடி நின்றது.

“உங்க பழைய இன்ஜின் இல்ல சார்,” என்றாள். “உசிலம்பட்டி ஆளு வாங்கிட்டுப் போனாரு. பிரிச்சுப் பாகம் பாகமா வித்தாச்சு.”

“அதே மாதிரி வேற ஒண்ணு கிடைக்காதா?”

“வியாழக்கிழமை வாங்க” என்றாள்.

வியாழக்கிழமை விடிந்ததுமே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதுரை பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு இன்ஜின் வந்திருந்தது. அதே கம்பெனி, அதே வருஷம். இரும்புச் சட்டத்தின் மேல் உட்காரவைத்து, ஒரு கேனிலிருந்து பெட்ரோல் குழாய் கொடுத்து, சைலன்சரை மாட்டியிருந்தாள்.

“கண்ணை மூடிக்குங்க.”

மூடிக்கொண்டார். இன்ஜின் ஓடியது.

“இதா?”

“இல்ல. கொஞ்சம் கம்மியா இருந்தா சரியா இருக்கும்.”

கார்புரேட்டர் திருகை அரைச் சுற்றுத் திருப்பினாள்.

“இப்ப?”

“இல்லம்மா. இது ரொம்ப வழவழன்னு இருக்கு.”

சைலன்சரைத் தளர்த்தினாள். வேறு சைலன்சர் மாட்டினாள். ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டினார். வெயில் ஏறி, ஷெட் தகரம் காந்தத் தொடங்கியது. அவள் சலித்துக்கொள்ளவே இல்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து குந்தினாள்.

“எப்படித்தான் இருக்கும்? வாயால செஞ்சு காட்டுங்க.”

“வாயாலயா?”

“ஆமா. வெக்கப்படாதீங்க. இங்க யாரும் இல்ல.”

சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். சின்னப் பிள்ளை கார் ஓட்டுகிற மாதிரி உதட்டைக் குவித்தார். உர்ர்ர் என்று ஆரம்பித்தார். நடுவில் கிண்கிண் என்று ஒன்று வந்தது. பிறகு ஒரு டக்கு, ஒரு கிறீச்.

“அந்தக் கிண்கிண் என்னது?”

“இடது பக்கக் கண்ணாடி. கொஞ்சம் ஆடும்.”

“டக்கு?”

“முன்னால டப்பா மூடி. பூட்டு சரியில்ல.”

“கிறீச்?”

“என் சீட்டு.”

“இதெல்லாம் உள்ள உட்கார்ந்தா கேக்குறது சார்,” என்றாள் அமலோற்பவம். “வெளிய எப்படிக் கேட்டுச்சு?”

அவர் வாயைத் திறந்தார். மறுபடி உதட்டைக் குவித்தார்.

ஒன்றும் வரவில்லை.

இருபத்தாறு வருஷம் அந்தக் காரை அவர் ஒருவர்தான் ஓட்டினார். மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. அது தெருமுனையில் திரும்பி வருவதை வாசலில் நின்று ஒரு நாளும் அவர் பார்த்தது கிடையாது. கேட்டதும் கிடையாது.

“எனக்குத் தெரியலையேம்மா,” என்றார். “நான் வண்டியில வந்துக்கிட்டே இருந்தேன்.”

அவள் எழுந்து போய் இன்ஜினை நிறுத்தினாள். சட்டென்று வந்த அமைதியில் பைபாஸில் போகிற லாரிகளின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது.

கையை நீட்டினாள்.

“சாவியைக் குடுங்க.”

கொடுத்தார்.

“எப்பம்மா முடியும்?”

“இப்ப ஒரு டவுன் பஸ் இருக்கு,” என்றாள்.

அவர் புரியாமல் நின்றார். அவள் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். பாதங்கள் மட்டும் தெரிந்தன. இனி அவளிடமிருந்து ஒரு சொல்லும் வராது என்று அவருக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

தெருவுக்குள் நடந்து வருவது புதிதாக இருந்தது. வீடுகள் இவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

ரஞ்சிதம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காடு போட்ட நூர்ஜஹான்.

“காலையிலேர்ந்து இப்படியேதான் நிக்கிறாங்க மாமா,” என்றாள் நூர்ஜஹான் மெதுவாக. “சாப்பிடவும் இல்ல.”

“நீ போம்மா. நான் பாத்துக்கிறேன்.”

கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் ரஞ்சிதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு வேணும்? அவுக வீட்ல இல்ல.”

‘நான்தான், ரஞ்சிதம்’ என்று இத்தனை நாளும் சொன்ன வாய் அது. இன்றைக்குச் சொல்லவில்லை.

“எங்க போயிருக்காரு?”

“வண்டி எடுத்துட்டுப் போயிருக்காக. இப்ப வந்துருவாக.”

“இந்தப் பக்கம் ரொம்ப வெயிலா இருக்கு. நானும் அங்க வந்து கொஞ்சம் நிக்கலாமா?”

அவள் யோசித்தாள். வெயிலில் அவர் நெற்றி வேர்த்திருப்பதைப் பார்த்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள்.

“நில்லுங்க. உள்ள மட்டும் போகக் கூடாது.”

“போகல.”

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கதவுக் கம்பி மேல் அவள் இரண்டு கையையும் வைத்திருந்தாள். அவரும் வைத்துக்கொண்டார்.

ஒரு ஆட்டோ போயிற்று.

“இது இல்ல,” என்றாள்.

தண்ணீர் கேன் வண்டி போயிற்று.

“இதுவும் இல்ல.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டார்.

அவள் முகம் மலர்ந்தது. இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தாளோ.

“அந்த முக்கு இருக்குல்ல, அங்க வரும்போது வண்டி ஒரு தடவை இருமும். புங்க மரத்துக்கிட்ட மெதுவாகிரும், அங்க ஒரு நாய் படுத்திருக்கும், அதுக்காக. பிறகு ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. அப்ப எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். போயிருச்சோ, வேற வீட்டு வண்டியோன்னு. பிறகு புர்ருன்னு மறுபடி வரும். அப்ப தாழ்ப்பாளை எடுத்துருவேன். உலை கொதிச்சாலும் அப்படியே விட்டுட்டு ஓடியாந்துருவேன்.”

“அவருக்கு இதெல்லாம் தெரியுமா?”

“அவுகளுக்கு எப்படித் தெரியும்? அவுகதான் வண்டிக்குள்ள இருக்காகளே.”

அவர் தெருமுனையைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டி முனை கலங்கித் தெரிந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றிக்கொண்டு தூரத்தில் போய் ஓய்ந்தது.

இது இல்ல, என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள்.

ரஞ்சிதம் திரும்பி அவரைப் பார்த்தாள். முதல் தடவையாகக் கொஞ்சம் பரிவோடு பார்த்தாள்.

“உங்களுக்கு யாரு வரணும்?”

“என் வீட்டுக்காரி. ரஞ்சிதம்னு பேரு.”

“வண்டியிலயா வர்றாக?”

“தெரியலம்மா.”

“வருவாக,” என்றாள். தெரு நன்றாகத் தெரியும்படி, சற்றுத் தள்ளி நின்று அவருக்கு இடம் கொடுத்தாள்.