உள்ளேயே விட்டுவந்த பதில்

அரைக்காணிப்பட்டிக்காரர்களைக் கேலி பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊரில் இதுவரை ஜெயிலுக்குப் போனவர் ஒரே ஒருத்தர்தான். அவரும் கெஞ்சிக் கூத்தாடிப் போனவர்.

அவர் பெயர் சடையப்பன். அண்ணன் தம்பி நாலு பேரில் மூத்தவர். ஒருநாள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றவர், அங்கே இருந்த பலகையைப் படித்தார். 'தண்டவாளத்தைக் கடப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.' அரசாங்கம் எழுதியே வைத்துவிட்டது, நாம் ஒத்துழைக்க வேண்டாமா என்று நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். போலீஸ்காரர்கள் விரட்டிப் பார்த்தார்கள். நாலு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக, அவரும் தொல்லை தாங்காமல் ஒரு மாசம் உள்ளே போட்டார்.

இதில் மாட்டிக்கொண்டது தங்கை பாவாயி. பக்கத்து ஊர் நஞ்சப்பன் அவளைப் பெண் கேட்டிருந்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அப்பா அம்மா இல்லாத வீடு, பெரியண்ணன் சரி என்று சொன்னால்தான் பந்தக்கால் நட முடியும். வருகிற வெள்ளிக்கிழமை ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். சடையப்பன் வெளியே வருவது அதற்கு இரண்டு நாள் முந்தி, புதன்கிழமை. அதுவரை அச்சாரம் வாங்காமல் காத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார் கல்யாணச் சமையல்காரர். ஆனியை விட்டால் ஆடி, ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்?

"ஜெயிலுக்குப் போயி அண்ணனக் கேட்டுட்டு வந்துருங்கண்ணா. ஒரு வார்த்தைதானே" என்றாள் பாவாயி.

கேட்டது கடைசி அண்ணன் வெள்ளியங்கிரியிடம். அவனுக்குத் தங்கை மேல் உயிர். அவள் கண் கலங்கினால் இவனுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கே ஒதியப்பன், மாரப்பன் என்கிற இரண்டு அண்ணன்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

ஜெயில் ஜன்னலில் இருந்த குமாஸ்தா ஒரு மனுப் படிவத்தைக் கொடுத்தார். "மனுவுல எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது. என்ன உறவுன்னு கண்டிப்பா எழுதணும். பார்க்குற காரணம் மூணு வரிக்கு மேல போகக்கூடாது."

மூணு வரி என்றதும் மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள். பாவாயி பிறந்ததிலிருந்து சொன்னால்தானே குமாஸ்தாவுக்குப் புரியும்? ஒதியப்பன்தான் வழி கண்டுபிடித்தான். வெள்ளைக் காகிதம் பதினெட்டு வாங்கி, ஓரத்தோடு ஓரம் பசை தடவி நீளமாக ஒட்டினார்கள். மத்தியானம் மூணு மணிக்கு மனு தயாரானது. மூன்றே வரி. ஒவ்வொரு வரியும் ஜெயில் வாசலில் தொடங்கி டீக்கடை வரை போனது.

குமாஸ்தா எழுந்து வெளியே வந்து, மனுவோடு கூடவே நடந்து படித்தார். டீக்கடையில் முடிந்ததும் ஒரு டீ குடித்தார். திரும்பி வந்து சீல் குத்தினார். "ஒரே ஒருத்தர் போங்க. இருபது நிமிசம்."

வெள்ளியங்கிரிதான் போனான். உள்வாசலில் காவலர் அவனைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள எதையும் கொண்டுபோகக் கூடாது. உள்ள இருந்து எதையும் வெளிய கொண்டுவரவும் கூடாது. தெரியுதா?"

வெள்ளியங்கிரிக்குத் திக்கென்றது. ஓடிவந்து அண்ணன்களைக் கேட்டான். "ஏனுங்கண்ணா, நான் கேள்வியக் கொண்டுபோறனே?"

"கேள்வி மனுவுலயே இருக்குதுடா. அதுக்குச் சீல் வாங்கியாச்சு. தைரியமாப் போ" என்றான் ஒதியப்பன்.

போனான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சடையப்பன் கொஞ்சம் சதை போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "நஞ்சப்பனா? தங்கமான பையனாச்சே. எனக்குப் பரிபூரண சம்மதம். வெள்ளிக்கிழமையே வெச்சுருங்க" என்றார்.

வெள்ளியங்கிரிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. துள்ளிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டான். அங்கே அதே காவலர். "உள்ள இருந்து ஏதாச்சும் கொண்டுபோறியா?" என்றார்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிலுக்குச் சீல் வாங்கவில்லையே. சின்னப் பதில்தான், யாருக்கும் தெரியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஒரு நிமிசமுங்க" என்று திரும்பிப் போய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரிடம் பதிலை மெதுவாகச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்று மெனக்கெட்டு மறந்தான். பிறகுதான் நிம்மதியாக வெளியே வந்தான்.

"என்னடா சொன்னாரு?" என்றான் மாரப்பன்.

"சொன்னாருங்கண்ணா. உள்ளயே விட்டுட்டு வந்துட்டேன்."

மற்ற இருவரும் அவன் நேர்மையை மெச்சி முதுகில் தட்டினார்கள்.

வீட்டில் பாவாயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "சரி, அண்ணன் சிரிச்சாரா, மொறச்சாரா? அதையாச்சும் சொல்லுங்க."

"அதுவும் உள்ள நடந்ததுதானே அம்மிணி" என்றான் வெள்ளியங்கிரி. அவனுக்கே அழுகை வந்தது.

புதன்கிழமை சடையப்பன் விடுதலையாகி வந்து சேர்ந்தார். பாவாயி தண்ணீர்ச் செம்பைக்கூடக் கொடுக்காமல், "அண்ணா, நஞ்சப்பனுக்கு என்னங்கண்ணா சொல்றீங்க?" என்றாள்.

"அதைத்தான் வெள்ளியங்கிரிகிட்டக் குடுத்துட்டனே கண்ணு. இப்ப எங்கிட்ட ஏது?"

"உங்க வாய்தானே, இன்னொருக்காச் சொல்லுங்க."

"அதெப்படி? வெளிய வர்றப்ப நான் உள்ள குடுத்த வேட்டி, சீப்பு, பெல்ட்டு எல்லாத்தையும் எண்ணித் திருப்பிக் குடுத்தாங்க. அந்த லிஸ்டுல பதில் இல்லை. அது அங்கதான் இருக்குது."

நஞ்சப்பனுக்கு ஆள் விட்டார்கள். அவன் வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பாவாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவனாவது நாலு வார்த்தை கேட்பான் என்று.

"ஜெயிலுக்குள்ள இருக்குதுன்னா பத்திரமாத்தான் இருக்கும்" என்றான் நஞ்சப்பன். "ராத்திரி பகலாக் காவல் போட்டிருக்காங்களே. நான் ஆவணி வரைக்கும் இருக்கேன், நிதானமாக் கொண்டாங்க."

கல்யாணத்தின் மேல் பாவாயிக்கு இருந்த ஆசை அந்த நிமிஷத்தில் கொஞ்சம் யோசனையாக மாறியது.

அன்றைக்கே மறு மனு எழுத உட்கார்ந்தார்கள். பதில் சடையப்பனுடையது, ஆகவே அவரே போய்க் கேட்டு, இந்த முறை சீலோடு வாங்கிவருவது என்று முடிவாயிற்று. மனுதாரர் பெயர், சடையப்பன். பார்க்க வேண்டிய கைதி, சடையப்பன். அடுத்த கட்டத்தில் வெள்ளியங்கிரியின் பேனா நின்றுவிட்டது.

"என்ன உறவுன்னு கேக்குறாங்கண்ணா. காலியா விடக்கூடாது."

சடையப்பன் மனுவைத் தன் பக்கம் திருப்பி, கைதியின் பெயரை ஒருதரம் படித்தார்.

"தெரிஞ்சவருன்னு போடு, போதும். நெருக்கம்னு சொல்ல முடியாது. ஒரு மாசமா அந்த ஆளு நம்ம வீட்டுப் பக்கமே வரலையே."