ஆமையைக் கும்பிட்ட டாக்டர்

"மேடம், கத்தியை என் கையில எப்பதான் குடுப்பீங்க?"

கேட்டவர் குலசேகரன். கால்நடை மருத்துவர். மாட்டின் வயிற்றைக் கிழித்துத் தைத்துப் பிழைக்க வைப்பதில் பேர் வாங்கியவர். கரை ஒதுங்கும் கடலாமைகள் எதனால் சாகின்றன என்று ஆராயும் ஆசை வந்து, தலை நரைத்த பிறகு ஜெசிந்தாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

ஜெசிந்தா அவரைவிட வயதில் சிறியவர். செத்த ஆமையின் உடலைத் திறந்து பார்த்து, அது வலையில் மூச்சு முட்டியதா, படகில் அடிபட்டதா, பிளாஸ்டிக்கை விழுங்கியதா என்று சொல்லிவிடுவார்.

"முதல்ல கண்ணைத் தொடுங்க சார்" என்றார்.

இதுதான் தினப்படிப் பாடம். ஆமையின் கண்ணோரத்தை விரலால் தொட வேண்டும். வாலைக் கிள்ள வேண்டும். அசைகிறதா என்று காத்திருக்க வேண்டும். அதன் பிறகு ஜெசிந்தா கத்தியை எடுப்பார். குலசேகரன் வாளி பிடிப்பார்.

"செத்து நாலு நாள் ஆச்சு மேடம். ஊரே நாறுது. இதுக்கு என்ன டெஸ்ட்டு?"

"தொடுங்க."

தொட்டார். செத்தது செத்ததாகவே கிடந்தது.

ஒருநாள் ஒதுங்கிய ஆமையிடம் காக்கைகள் முந்திக்கொண்டன.

"மேடம், கண்ணே இல்லை." கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார்.

"வால் இருக்கா?"

இருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த விசைப்படகுக்காரர் அஞ்சப்பன் சும்மா இருப்பாரா? "டாக்டரு ஆமையைத் தொட்டுக் கும்பிடுறாருப்பா" என்று மீன் ஏலம் நடக்கும் இடத்தில் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அதுவே பட்டப்பெயர் ஆகிவிட்டது.

"மானம் போகுது மேடம்."

"கும்பிடச் சொல்லலையே சார். பார்க்கத்தானே சொன்னேன்."

அது பங்குனி மாதம், ஆமைகள் முட்டையிட வரும் பருவம். ஒரு காலையில் ஜெசிந்தா டவுனுக்குப் போயிருந்தார். அஞ்சப்பனும் அவருடைய ஆட்களும் பெரிய ஆமை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"வலையில மாட்டிச் செத்துப்போச்சு டாக்டரே. கடல்லயே தூக்கிப் போடத்தான் பார்த்தேன். மேடம் கேட்டுக்கிட்டாங்களேன்னு கொண்டாந்தேன். ஆமை செத்ததுக்கு என் மேல கேஸு கீஸுன்னு ஆயிராதே?"

குலசேகரன் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"நான் வர நேரமாகும். நீங்களே அறுத்துருங்க சார். கத்தி பெட்டியில இருக்கு."

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குலசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆமையை மல்லாக்கப் போடச் சொன்னார். கையுறை மாட்டினார். எத்தனை மாத ஏக்கம்! கத்தியை வயிற்றோட்டின் ஓரத்தில் வைத்தார்.

பார்க்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லை. ஆனாலும் இடது கை, பழக்க தோஷத்தில், தானாகவே கண்ணோரத்துக்குப் போனது.

இமை துடித்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தார். மறுபடி தொட்டார்.

மறுபடி துடித்தது.

"அஞ்சப்பன்! திருப்புங்க, திருப்புங்க! உசிரு இருக்கு!"

ஆமையை நிமிர்த்திப் படகின் நிழலுக்கு நகர்த்தினார்கள். பின்பக்கம் உயரும்படி பலகை கொடுத்தார்கள். வாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈரச் சாக்கை முதுகில் போர்த்தினார்கள்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. எத்தனையோ மாடுகளுக்கு ஊசி போட்ட டாக்டர் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அஞ்சப்பனும் ஏலத்தை மறந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நிழல் நகர்ந்தது. குலசேகரன் கண்ணைத் தொட்டார். சாக்கை நனைத்தார். மறுபடி தொட்டார்.

உச்சி வெயில் சாய்ந்தபோது ஆமை தலையைத் தூக்கிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது.

ஜெசிந்தா வந்து சேர்ந்த நேரம் அது துடுப்புக் கால்களால் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே எல்லோருமாகக் கொண்டுபோய் அலையோரத்தில் விட்டார்கள். ஒரு அலை வந்தது. இன்னொரு அலை வந்தது. ஆமை இல்லை.

குலசேகரன் அஞ்சப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். "தூக்கிப் போடாம கொண்டாந்தீங்களே. ரொம்ப நன்றிங்க."

"அட, நீங்க வேற டாக்டரே. கேஸு இல்லாமப் போச்சேன்னு நானே கும்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"சார், கத்தி எங்க?" என்றார் ஜெசிந்தா.

எங்கே எறிந்தார் என்று குலசேகரனுக்கே தெரியவில்லை. எல்லோரும் குனிந்து மணலைத் துழாவினார்கள்.

மறுநாள் காலை இன்னொரு ஆமை ஒதுங்கியிருந்தது. ஊதிப்போய், ஈ மொய்த்து, கிட்டே நிற்க முடியவில்லை.

ஜெசிந்தா கத்தியை எடுத்துக் குலசேகரனிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. ஆமையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

"சார், அது செத்து நாலு நாள் ஆச்சு."

"தெரியும் மேடம்."

"அசையாது."

"அதுவும் தெரியும்."

கண்ணோரத்தைத் தொட்டார். காத்திருந்தார். அது அசையவில்லை. கையுறையைக் கழற்றினார். வெறும் விரலால் இன்னொரு முறை தொட்டு, அந்த விரலைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

தூரத்தில் அஞ்சப்பன் வலை உதறிக்கொண்டிருந்தார். பார்த்தார். சிரிக்கவில்லை.

ஜெசிந்தாவும் ஆமையின் தலைமாட்டுக்கு வந்தார்.

பிறகு கத்தியை மணலில் வைத்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றினார்.