அண்ணாச்சி மாட்டிய லூப்

கயத்தாறுக்குத் தெற்கே, செம்மண் பொட்டலில், கணினி சொல்லிக்கொடுக்கும் மடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த பழைய கணினி கண் திறப்பதற்குள் ஒரு வாழைத்தாரே பழுத்துவிடும் என்பார்கள். தாரை நம்பாதவர்கள்கூட ஒரு சீப்பை நம்பினார்கள்.

மடத்தின் குரு சுடர்மதிக்கு வயது இருபத்தெட்டு. சீடர் ஆவுடைநாயகத்துக்கு ஐம்பத்தாறு. முறுக்குக் கடைக்காரர். வரப்போகிற மாப்பிள்ளை மென்பொருள் வேலையில் இருந்தார். அவரோடு பேச நாலு வார்த்தையாவது தெரிய வேண்டுமே என்று வந்து சேர்ந்தவர்.

முதல் வாரப் பாடம் மாறி, அதாவது வேரியபிள். பெயர் எழுதிய டப்பா, உள்ளே இருக்கும் சரக்கு மாறலாம் என்று பிடித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் கண்டிஷன். இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது. மூன்றாம் வாரம் லூப். அங்கேதான் வண்டி நின்றது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, சரி. எப்போது நிறுத்தும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை.

அதற்குள் மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. வியாழன் காலை தென்காசியில் முகூர்த்தம். குரு சொல்லாமல் படி தாண்டும் வழக்கம் மடத்தில் இல்லை. திங்களன்று போய் அனுமதி கேட்டார். குரு கரும்பலகையில் எழுதினார்:

கேள்வி இருக்கும் வரை மடத்தில் இரு.
கேள்வி இல்லையென்றால் ஊருக்குப் போ.

"இவ்வளவுதானா அம்மா?"

"இது ஒரு கேள்வி அண்ணாச்சி. உட்காருங்க."

செவ்வாயன்று குளித்து, பெட்டி கட்டி, திருநீறு பூசி வந்து நின்றார். "எனக்கு ஒரு கேள்வியும் இல்லம்மா. கிளம்பட்டுமா?"

குரு பலகையைக் காட்டினார். பெட்டி அவிழ்ந்தது.

புதன் காலை, நல்ல நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கெட்டார். மதியம், இனிமேல் எதுவுமே கேட்கமாட்டேன், போதுமா என்றார். இதற்கிடையே வீட்டிலிருந்து பதினெட்டு போன். கல்யாணத்துக்கு வராத அப்பனை ஊர் என்ன சொல்லும் என்று பெண்டாட்டி எடுத்துச் சொன்ன சூட்டில், அந்தப் போன்மேல் அப்பளம் பொரித்திருக்கலாம்.

சாயங்காலம் ஆவுடைநாயகம் வாயை இறுக மூடினார். பெட்டியை எடுத்தார். குரு முன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கி நடந்தார்.

குரு தடுக்கவில்லை.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோர இடம். முகத்தில் காற்று அடித்ததும், கேள்வி நின்றால் லூப்பும் நின்றுவிடும் என்று பளிச்சென்று விளங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்தார்.

"அம்மா, வெளியே வந்துட்டேன். நான் செஞ்சது சரிதானே?"

மடத்துக் கரும்பலகையில் அந்த இரண்டு வரியும் இன்னும் அழியவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல இறங்குங்க அண்ணாச்சி" என்றார் குரு.